ஹேமிஷின் ஆல்டர்னேட்டர்

சாப்பாட்டு மேசை மேல் எண்ணெய்ப் பிசுக்குள்ள சாமான் எதையும் வைக்கக் கூடாது என்பது இந்த வீட்டில் நான் போட்ட ஒரே சட்டம். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கணவன் வார்விக் அதை மீறியதில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தான். விரிப்பை ஒதுக்கினான், பழைய பேப்பரைப் போட்டான், நட்ட நடுவில் வைத்தான்.

"ஷெட்ல வெளிச்சம் பத்தல, கிளென்" என்றான்.

சண்டை போடுவதற்கும் உடம்பில் ஒரு தெம்பு வேண்டும். அது என்னிடம் அக்டோபரிலிருந்து இல்லை.

அது எங்கள் மகன் ஹேமிஷின் காரில் இருந்த ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது கூடவே சுற்றி பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் சாமான். ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுதான், ஆனால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். கார், வெள்ளை கிங்ஸ்வுட் வேகன், ஹேமிஷை விட வயதில் மூத்தது. ராக்ஸ்பி சுரங்கத்தில் வேலை கிடைத்த வருஷம் ஆசைப்பட்டு வாங்கினான். அப்பாவும் பிள்ளையுமாக அதைப் பிரித்து மாட்டினார்கள். ஆல்டர்னேட்டரை மட்டும் வார்விக் தன் கையாலேயே பிரித்துச் சுத்தம் செய்து, புதுக் கரித்துண்டு போட்டு, ஒயர் இணைப்புகளை ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து, "இனி உன் ஆயுசுக்கும் இதைத் தொட வேண்டாம்டா" என்று சொல்லி மாட்டிக் கொடுத்தான்.

அக்டோபரில் லீவுக்கு வந்த ஹேமிஷ், போர்ட் அகஸ்டாவில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தான். வழியில் பேட்டரி காலி. விளக்கு மங்கி அணைந்தது, எஞ்சினும் நின்றது. பாதி வண்டியைத்தான் ரோட்டை விட்டு இறக்க முடிந்திருக்கிறது. பின்னால் வந்த லாரி மூன்று டிரெய்லர் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த டிரைவர் விசாரணையில், "ஒரு பொட்டு வெளிச்சம் இல்லைங்க" என்று சொல்லி அழுதார். நான் அழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என்னை எவ்வளவு தைரியமானவள் என்று பாராட்டினார்கள். தைரியமாவது ஒன்றாவது, மரத்துப்போயிருந்தேன்.

வண்டியை நசுக்கிப் போடும் முன் பழைய இரும்பு யார்டுக்காரரிடம் கேட்டு வார்விக் இதை மட்டும் கழற்றி வாங்கி வந்தான். கோணிப்பையில் சுற்றி ஷெட் அலமாரியில் வைத்தான். அங்கேயே கிடந்தது. சார்ஜ் ஆகாமல்தான் பேட்டரி காலி ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் ஆகவில்லை என்பதுதான் கேள்வி. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "என் வேலைல பிசகா, கிளென்? நான் செஞ்சதுதான் காரணமா?" என்று கேட்டான். "எனக்கென்ன தெரியும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒளிப்பானேன், அவன்தான் காரணம் என்று நான் நினைத்தேன். அது அவனுக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு என்றால் பால் தீர்ந்துவிட்டது, குப்பை வண்டி வந்துவிட்டது, அந்த அளவுதான்.

வார்விக் பேப்பரை விரித்துக்கொண்டிருக்கும்போதே நெவில் வந்தான். வார்விக்கின் தம்பி, போர்ட் அகஸ்டாவில் தனியாக இருக்கிறான். ஹேமிஷ் போனதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பேக்கரியில் கறி அடைத்த பேஸ்டி வாங்கிக்கொண்டு அத்தனை தூரம் காரில் வருவான். அவனுடையதும் அதே கிங்ஸ்வுட்தான், கடுகு மஞ்சள் நிறம். ஆனால் அது ஓட்டுகிற கார் இல்லை, துடைக்கிற கார். பழைய கார் கண்காட்சிகளில் ரிப்பன் வாங்குவதற்கென்றே பிறந்தது. இங்கே வருவதற்கு மட்டும் வெளியே எடுப்பான்.

"என்னடா இது, ஆபரேஷன் தியேட்டரா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன், மேசையில் இருப்பது என்னவென்று பார்த்ததும் பேஸ்டிப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"பிரிக்கப் போறேன்" என்றான் வார்விக்.

"வேணாம்டா. எதுக்கு இப்ப? தூக்கிக் குப்பைல போடு."

"பாக்கணும்."

"பாத்து என்ன ஆகப் போகுது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "அவன் பாக்கட்டுமே, நெவில். ஏழு மாசத்துல அவனா வாயத் தொறந்து செய்யணும்னு சொன்ன மொத காரியம் இது. ஒண்ணு கூடமாட ஒத்தாசை பண்ணு, இல்லன்னா பேஸ்டிய ஓவன்ல வெச்சிட்டுப் பேசாம உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான்.

வார்விக்குக்கு இப்போதெல்லாம் கண் சரியில்லை. அதனால் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். முன் மூடியும் பின் மூடியும் பிரிந்த பிறகு அதே நிலையில் சேர வேண்டும் என்பதற்காக, பிரிக்கும் முன் இரண்டின் மேலும் குறுக்கே ஒரு கோடு கீறுவார்கள். அதில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. வார்விக் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "நான் போட்டதுதான்" என்றான்.

முன்னால் இருக்கும் சக்கரத்தின் நட்டு அசைய மறுத்தது. பழைய பெல்ட்டைச் சுற்றி நெவில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, வார்விக் ஸ்பானரைப் போட்டுத் தொங்கினான்.

"வயசான காலத்துல எலும்ப முறிச்சுக்காத" என்றான் நெவில்.

"நீ ஒழுங்கா புடி. துணி வெச்சு மினுக்கறதுக்குத்தான் உன் கை லாயக்கு, ரிப்பன் ராஜா."

அவ்வளவு நாளில் வார்விக் வாயிலிருந்து வந்த முதல் கேலி. நெவில் சிரிக்க முயற்சி செய்தான். நட்டு அசைந்தது. நீள போல்ட்டுகளைக் கழற்றிய பிறகு மூடி ஒட்டிக்கொண்டு வரவில்லை. மரச் சுத்தியல் ஷெட்டில் இருக்கிறது என்று வார்விக் எழுந்தான். நான் என் மாவு தேய்க்கும் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். மேசைச் சட்டமே போன பிறகு கட்டை போனால் என்ன. சுற்றிலும் லேசாகத் தட்டினான். இரண்டாகப் பிரிந்தது.

உள்ளே கறுப்புத் தூசு. நடுவில் சுழலும் துண்டு, அதன் வாலில் இரண்டு செம்பு வளையம், அவற்றின் மேல் உரசிக்கொண்டே இருக்கும் இரண்டு கரித்துண்டு. கரி தேய்ந்தோ மாட்டிக்கொண்டோ போனால் சார்ஜ் நின்றுவிடும். வார்விக் முதலில் அதைத்தான் எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தான், ஸ்கேல் வைத்து அளந்தான், ஸ்பிரிங்கை அழுத்தி விட்டுப் பார்த்தான். துள்ளி வெளியே வந்தது.

"புதுசு மாதிரி இருக்கு" என்றான். குரலில் சந்தோஷம் இல்லை.

அடுத்தது சால்டர். அவன் இத்தனை மாதமும் பயந்தது அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஊசி முனையால் ஒவ்வொரு இணைப்பையும் நெம்பிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. பிறகு மீட்டரின் இரண்டு ஒயரையும் அவன் வைக்க, திரையைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். அவன் சோதித்தது டயோடுகளை, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டியவை.

"போகுது" என்றேன். ஒயரை மாற்றி வைத்தான். "போகல."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். எனக்குக் கண்ணு தெரியுது."

எல்லாவற்றையும் சோதித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடியும் எல்லாம் சரி. நெவில் தன் பேஸ்டியைத் தொடவே இல்லை. தட்டில் ஆறிக் கிடந்தது. பாவம், அண்ணன் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று வார்விக் குறை சொல்வதைப் போலச் சொன்னான். "சரியா இருக்க முடியாதே. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். சூடானா எங்கயோ இணைப்பு விடுது."

"விட்டுடுடா, வார்விக்" என்றான் நெவில்.

"பேரிங் மட்டும் காஞ்சு போயிருக்கு. அத மாத்தி, சுத்தம் பண்ணிச் சேத்துடலாம். கரி பழசே இருக்கட்டும். அத மாத்திட்டா அப்புறம் எப்படித் தெரியும்?"

செம்பு வளையங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மினுமினுக்க வைத்தான். புது பேரிங் எப்போதோ வாங்கி வைத்திருக்கிறான், எனக்குத் தெரியாது. அதை ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்கு அடியில் வைத்தான். அலுமினிய மூடியை என் ஓவனில் வைத்தான். சூட்டில் மூடி விரியும், குளிரில் பேரிங் சுருங்கும், அடிக்காமலே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வீடு முழுக்க எண்ணெய் வாடை. அடுப்புத் துணியால் மூடியைப் பிடித்து நான் வெளியே எடுக்க, வார்விக் பேரிங்கைப் போட்டான். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. கோட்டுக்குக் கோடு பொருத்தி, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். கையால் சுற்றிவிட்டான். சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது.

"உன் வண்டில மாட்டிப் பாப்போம்" என்றான் தம்பியிடம்.

"இருட்டப் போகுதுடா. நான் கெளம்பணும்."

"ஒரே மாடல். எவ்வளவு நேரம் ஆகப் போகுது? சாவியக் குடு."

நெவில் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லித் தடுப்பேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

எங்கள் ஊரில் மே என்றால் குளிர் தொடங்கும் மாதம், பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். கோதுமை வயலுக்கு மேலே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நெவிலின் ஆல்டர்னேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஹேமிஷினுடையதை மாட்டினார்கள். வேலை செய்தது வார்விக்தான். நெவில் கேட்டதை எடுத்துக் கொடுத்தான். பிறகு நெவில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு வார்விக். பேட்டரி மேல் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நான்.

சாவி திரும்பியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. மீட்டரில் எண் ஏறியது.

"பதினாலு புள்ளி ரெண்டு" என்றேன்.

"ஹெட்லைட்டப் போடு."

போட்டான். எண் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறி நின்றது. நான் சொன்னதை நம்பாமல் வார்விக் வந்து எட்டிப் பார்த்தான். சூடாகட்டும் என்று காத்திருந்தோம். சூடானது. எண் அசையவில்லை. ஜன்னலுக்குத் திரும்பிப் போனான்.

"அப்ப இதுல பிசகில்ல. ஒயரிங்தான். நான் போட்ட ஒயர்ல எங்கயோ பிசகு. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல, நெவில். சாவியத் திருப்பினதும் இந்தச் செவப்பு விளக்கு எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையுது பாரு. ஓடும்போது சார்ஜ் நின்னா இது மறுபடி எரியணும். எரிஞ்சிருந்தா பையன் அகஸ்டாவுலயே நிறுத்திருப்பான். அவன் ஒண்ணும் முட்டாள் இல்ல. நான் மாட்டின அன்னைக்கு எரிஞ்சுது, என் கண்ணால பாத்தேன். அது ஏன் எரியல?"

நெவில் எஞ்சினை அணைத்தான். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருந்தது.

"எரியறதுக்கு அவன் வண்டில பல்பு இல்ல" என்றான்.

வார்விக் ஜன்னலிலிருந்து தலையை எடுத்தான்.

"கார் ஷோவுக்கு மொத நாள் என்னோட பல்பு ஃபியூஸ் போயிடுச்சு. ஜட்ஜ் உள்ள உக்காந்து சாவியத் திருப்பி ஒவ்வொரு விளக்கா பாப்பாரு, உனக்குத் தெரியும். கடையெல்லாம் மூடியாச்சு. இங்க வந்தேன், நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இல்ல. ஹேமிஷ் சுரங்கத்துக்கு பஸ்ல போயிருந்தான், அவன் வண்டி ஷெட்ல நின்னுட்டிருந்துது. அவன் அடுத்த வாரம்தான் வருவான்னு நெனச்சேன். திங்கக்கிழமை கொண்டாந்து வெச்சிடலாம்னு அதோட பல்ப எடுத்தேன். ரெண்டாவது பரிசு வந்துச்சு. பசங்களோட குடிச்சேன். மறந்துட்டேன்டா. வேற ஒண்ணும் இல்ல, மறந்துட்டேன்."

எனக்கு அது என்ன பெரிய விஷயம் என்று புரியவில்லை. ஒரு சின்ன பல்பு. வார்விக் காரைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னான், ஏதோ கடைக்காரரிடம் விளக்குகிற குரலில். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ள முதல் சொட்டுக் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு இல்லாவிட்டால் சார்ஜே ஆகாது. ஆகவில்லை என்று சொல்லவும் விளக்கு இருக்காது. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். நெவிலுக்கு நன்றாகவே தெரியும்.

அவன் ஏழு மாதமாக என் மேசையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். அண்ணன் தன்னையே குற்றம் சொல்லி உருகுவதைப் பார்த்துக்கொண்டு, பேஸ்டி சூடாக இருக்கிறது, சாப்பிடு என்று சொல்லியிருக்கிறான். அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்கிறேன், கை எழவில்லை.

"அப்ப கரி சரியா இருந்துச்சா?" என்று கேட்டான் வார்விக்.

"சரியா இருந்துச்சு."

"சால்டர்?"

"நீ செஞ்சது எல்லாமே சரியா இருந்துச்சுடா."

வார்விக்கின் தோள் இறங்கியது. முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே விட்டுப்போனது. அவனுக்கு நிம்மதி. பிள்ளை செத்த காரணத்தைக் கேட்டு ஒரு மனிதன் நிம்மதி அடைவதை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது நன்றாக இல்லை. ஆனால் நானும் ஒரு பெருமூச்சு விட்டேன். என் காதிலேயே விழுந்தது.

"ஏதாவது சொல்லு. அடிச்சுடு" என்றான் நெவில்.

"அது ஹேமிஷோடது. குடு."

நெவில் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி பல்பைப் பிடுங்கிக் கொடுத்தான். பட்டாணி அளவுதான் இருந்தது. வார்விக் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனான். வலைக்கதவு அடித்துக்கொண்டது.

நான் பானெட்டை மூடினேன். நெவில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தான். ஹெட்லைட் போட்டான். சூரியன் மறைந்துவிட்டது. பல்பு இல்லாத கார், வாரம் முழுக்க நின்றே கிடக்கும் பேட்டரி, போர்ட் அகஸ்டா வரை அதே ரோடு. போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். அவன் டேஷ்போர்டிலேயே வேறு ஒன்றைப் பிடுங்கி மாற்றிக்கொள்ள அரை நிமிஷம் போதும். அவன் மாற்றவில்லை. அவன் என்ன செய்யப் பார்க்கிறான் என்று அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் வார்விக் நின்றுகொண்டிருந்தான். எனக்கே புரிந்தது அவனுக்குப் புரியாமல் இருக்காது. வெளியே வரவில்லை. வருவான் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கார் நகர ஆரம்பித்தது. நான் போய் முன்னால் நின்றேன்.

"தள்ளு, கிளென்."

"எறங்கு."

"என்னைப் போக விடு."

"உனக்காக நிக்கலடா நான். நீ எக்கேடோ கெட்டுப் போ. அந்த ரோட்டுல இன்னொருத்தன் லாரிய ஓட்டிட்டு வருவான். அவன் வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கணும். சாவியக் குடு."

நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு எஞ்சின் நின்றது. ஜன்னல் வழியாகக் கை வந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன். அவன் அழுதுகொண்டிருந்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஆறுதல் சொல்லவில்லை.

"எங்க படுக்கறது?" என்றான் கடைசியில், சின்னப் பிள்ளை மாதிரி.

எங்கள் வீட்டில் படுக்கை அறை இரண்டுதான். ஹேமிஷின் கட்டிலில் அக்டோபரிலிருந்து நான் படுக்கிறேன். நெவிலை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். என் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டேன். கட்டிலில் சுத்தமான விரிப்பு ஒன்று போட்டேன். எவனுக்காகப் போடுகிறேன் என்று தெரிந்துதான் போட்டேன், மூலைகளை இழுத்துச் செருகினேன்.

வார்விக் எங்கள் அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலையணையோடு வாசலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீதான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றேன்.

"தெரியும்."

"அவன் போறான்னு உனக்குத் தெரியும். ஜன்னல்ல நின்னே."

"நின்னேன்" என்றான்.

இப்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வார்விக் எழுந்து, கட்டிலில் என் பக்கம் குவிந்து கிடந்த துணிகளை அள்ளித் தரையில் போட்டான்.